காடாத் துணி கோட்டும் 3 ஆஸ்காரும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், ஆஸ்கார் மேடையில் ஏறி "ஏற்கெனவே என்னிடம் இரண்டு இருக்கிறது" என்று சொன்ன பெண்மணி யார் என்று கேட்டிருந்தார். 'தி யங் விக்டோரியா' படத்துக்காக 2010-இல் விருது வாங்கிய சாண்டி பவல், பிரிட்டனைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கும் நெடுநாளாக மனத்துக்கு நெருக்கமான விஷயம் இது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் அவருக்கும் அவருடைய தொழிலுக்கும் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: சாண்டி பவல் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்? சினிமா குடும்பமா?

இல்லை. 1960-இல் லண்டனில் பிறந்து, தெற்கு லண்டனில் வளர்ந்தவர். தையல் கற்றது அம்மாவிடம். முதலில் பொம்மைகளுக்கு உடை தைத்தார், அப்புறம் தனக்கே தைத்துக்கொண்டார். 1970-களின் கடைசியில் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் அடிப்படைக் கலைப் படிப்பு படித்தார், அதை அடுத்து சென்ட்ரல் ஸ்கூலில் நாடக மேடை வடிவமைப்பில் சேர்ந்தார். அந்தப் படிப்பை முடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார்.

அவரைத் திசை திருப்பியவர் லிண்ட்சே கெம்ப். நடனமும் மௌன நடிப்பும் கலந்து மேடையில் ஒரு தனி உலகத்தையே கட்டிய கலைஞர், பாடகர் டேவிட் போவி அவரிடம் பயின்றிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பருவத்திலேயே கெம்பின் நிகழ்ச்சியைப் பார்த்து மயங்கிப்போன சாண்டி, பின்னாளில் அவர் நடத்திய நடன வகுப்புக்கே போய்ச் சேர்ந்து, அறிமுகம் செய்துகொண்டு, அவருடைய குழுவுக்கு உடை செய்து கொடுக்க ஆரம்பித்தார். காசு குறைவு, கற்பனைக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லாத இடம் அது. கையில் கிடைப்பதை வைத்து மேடையின் வெளிச்சத்தில் அதைப் பட்டு மாதிரி காட்ட வேண்டும். இந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம். கீழே ஜீன்ஸ் கதைக்கு வரும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

சினிமாவுக்கு அழைத்து வந்தவர் இயக்குநர் டெரெக் ஜார்மன். சாண்டியேதான் அவரைத் தொடர்புகொண்டு, தான் உடை செய்த நிகழ்ச்சியைப் பார்க்க அழைத்தார். ஜார்மன் அவரை முதலில் பாட்டு வீடியோக்களில் வேலை செய்து கேமராவுக்கு முன்னால் துணி எப்படித் தெரிகிறது என்று பழகிக்கொள்ளச் சொல்லி, அதன்பின் 1986-இல் வந்த 'கராவாஜியோ' படத்தின் முழுப் பொறுப்பையும் கொடுத்தார். முதல் படம், வயது இருபத்தாறுகூட ஆகவில்லை. ஒரு இத்தாலிய ஓவியரின் கதையை லண்டன் துறைமுகப் பகுதியில் ஒரு கிடங்குக்குள்ளேயே எடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கதையில் டைப்ரைட்டரும் மோட்டார் சைக்கிளும் வரும். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிற்காலத்து உடையைப் போட்டும் பார்ப்பவரை நம்ப வைக்கலாம் என்று அவர் கற்ற இடம் அதுதான்.

கேள்வி: காஸ்ட்யூம் டிசைனர் என்பவர் பெரிய டெய்லர்தானே? இவரே உட்கார்ந்து தைப்பாரா?

தைக்கத் தெரியும், ஆனால் படத்தில் அவர் வேலை அது இல்லை. பிரிட்டனில் ஒரு பெரிய படத்தின் ஆடைப் பிரிவு என்றால் அது ஒரு சிறு தொழிற்சாலை. துணி வெட்டுவதற்கென்று ஒருவர் இருப்பார், அவர் கத்தரி பிடித்தால்தான் டிசைனர் மனத்தில் நினைத்த உருவம் துணியில் வரும். தைப்பவர்கள் தனி, சாயம் போடுபவர்கள் தனி, கடை கடையாக ஏறி இறங்கித் துணியும் பட்டனும் லேஸும் வாங்கி வருபவர் தனி. கணக்கு வழக்கு, ஆள் அமர்த்துவது, எந்த நாளில் எந்த உடை தயாராக வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் ஒரு மேற்பார்வையாளர் தலையில். படப்பிடிப்பில் நடிகர் பக்கத்திலேயே நின்று, போன ஷாட்டில் மேல் பட்டன் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று கன்டினியூட்டி பார்ப்பவர்கள் வேறு.

இத்தனை பேருக்கும் நடுவில் டிசைனர் செய்வது ஒன்றுதான்: இந்த ஆள் யார் என்று முடிவு செய்வது. கதையில் இருக்கும் ஒரு பெயருக்கு உடம்பு கொடுப்பது. இவள் காலையில் எழுந்து அலமாரியைத் திறந்தால் என்ன எடுப்பாள், அதில் எது அவள் சொந்தமாக வாங்கியது, எது யாரோ கொடுத்தது, எது இடுப்பில் கொஞ்சம் இறுகிப்போய்விட்டது என்றெல்லாம் யோசிக்க வேண்டும். சாண்டி பவல் படம் வரைவதிலிருந்து தொடங்குவதைவிடத் துணியிலிருந்து தொடங்குவதையே விரும்புபவர். துணியைக் கையில் எடுத்துக் கசக்கி, தொங்கவிட்டு, அது எப்படி விழுகிறது என்று பார்த்த பிறகுதான் உருவம் பிறக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் காகிதத்தில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் துணி தன் எடைக்கு ஏற்பத்தான் விழும்.

ஃபிட்டிங் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நடிகர்கள் பலர் தங்கள் பாத்திரத்தைக் கண்டுபிடித்ததே அங்கேதான் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இடுப்பையும் மார்பையும் பிடிக்கும் கார்செட் என்ற உள்ளாடையை இறுகக் கட்டியதும் மூச்சு மேலே ஏறிவிடும், முதுகு நிமிரும், குனிந்து எதையும் எடுக்க முடியாது. நடை மாறும், பேச்சின் வேகமும் மாறும். அதற்குப் பிறகு அந்தப் பெண் எப்படி உட்காருவாள் என்று இயக்குநர் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: அவருடைய படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

'ஒர்லாண்டோ'. 1992, சாலி பாட்டர் இயக்கியது, டில்டா ஸ்விண்டன் நடித்தது. சாண்டிக்கு முதல் ஆஸ்கார் பரிந்துரை இந்தப் படத்துக்குத்தான். ஒரே மனிதப் பிறவி நானூறு ஆண்டுகள் வாழ்கிறது, நடுவில் ஆண் பெண்ணாக மாறுகிறது. இதற்கு உடை செய்வது என்றால் எலிசபெத் காலத்திலிருந்து இந்தக் காலம் வரை ஆங்கிலேய ஆடை வரலாறு முழுவதையும் ஒரே உடம்பில் போட்டுக் காட்டுவது. முதலாம் எலிசபெத் அரசியாக நடித்தவர் குவென்டின் கிறிஸ்ப், ஓர் ஆண்.

அதில் இரண்டு இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பகுதியில் ஒர்லாண்டோ இரண்டு பக்கமும் அகன்று நிற்கும் பாவாடையோடு ஒரு நீண்ட கூடத்தில் நடந்து வருவாள். நாற்காலி மேஜைகளை எல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். அவள் அவற்றுக்கு நடுவே ஒருக்களித்து, திரும்பி, வளைந்து வளைந்து போக வேண்டும். பெண்ணாக இருப்பது அந்த நூற்றாண்டில் எவ்வளவு இடைஞ்சல் என்பதை வசனமே இல்லாமல் அந்தப் பாவாடை சொல்லிவிடும். கொஞ்ச நேரம் கழித்து அவள் செடிகளை உயரமாக வளர்த்துக் கட்டிய ஒரு புதிர்ப்பாதைக்குள் ஓடுவாள். உள்ளே ஓடும்போது ஒரு காலத்து உடை, ஒரு திருப்பத்தில் மறைந்து மீண்டும் தெரியும்போது விக்டோரியா காலத்து உடை. ஒரு நூற்றாண்டு போய்விட்டது, அதைச் சொன்னது உடை மட்டும்தான். அந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கேள்வி: 'தி ஃபேவரிட்' படத்தில் பழைய ஜீன்ஸைக் கிழித்து உடை தைத்ததாகப் படித்தேன். அரசி ஆன் காலத்தில் ஜீன்ஸ் ஏது? இது தவறில்லையா?

படித்தது உண்மைதான், தவறு என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரசி ஆன் இங்கிலாந்தை ஆண்டது 1702 முதல் 1714 வரை. யோர்கோஸ் லாந்திமோஸ் இயக்கி 2018-இல் வந்த இந்தப் படத்துக்கு, அரசவைப் படம் என்றாலும், ஆடைக்கு ஒதுக்கிய பணம் அவ்வளவு பெரியதல்ல. அரண்மனைச் சமையலறையில் வேலை செய்யும் பெண்களுக்கு உடை வேண்டும். சாண்டி என்ன செய்தார் என்றால், பழைய பொருள்களை விற்கும் தர்மக் கடைகளில் ஜீன்ஸ் கால்சட்டைகளை வாங்கி, பிரித்து, அந்தத் துணியில் அக்காலத்து வெட்டில் உடை தைக்க வைத்தார். பலர் போட்டுத் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி அது. உழைப்பவர் உடம்பில் கிடந்த துணி எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? புதுத் துணி வாங்கி அந்த வெளுப்பைச் செயற்கையாக வரவைக்க நாள்கணக்கில் பாடுபட்டிருக்க வேண்டும்.

அவர் வைத்துக்கொண்ட விதி இதுதான்: உருவம் அந்தக் காலத்தது, பொருள் எந்தக் காலத்ததாகவும் இருக்கலாம். தோள் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே தொடங்குகிறது, கை எந்த இடத்தில் அகல்கிறது என்பதெல்லாம் அக்காலத்து வெட்டு. ஆனால் அரசவைப் பெண்களின் லேஸ் மாதிரித் தெரிவது லேசர் இயந்திரத்தால் வெட்டிய பொருள். நோயோடு படுக்கையில் கிடக்கும் அரசிக்கு ஒரு மேலங்கி, அது இணையத்தில் வாங்கிய பழைய படுக்கை விரிப்பிலிருந்து வந்தது. ஒலிவியா கோல்மன் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், ஒரு நாட்டின் அரசியா, தூங்கி எழுந்த குழந்தையா என்று மனம் தடுமாறும்.

நிறமும் அப்படித்தான். அரசவை முழுவதும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எமா ஸ்டோன் நடித்த அபிகேல் சமையலறை நீலத்திலிருந்து மெல்ல மெல்ல அந்தக் கறுப்பு வெள்ளைக்குள் ஏறி வருகிறாள். கடைசியில் அவள் உடுத்துவது மற்றவர்களைவிட ஆடம்பரமாக, கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். புதுப் பணக்காரிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்பதை அந்த உடை சொல்லிவிடுகிறது. இன்னொரு தகவல், படம் எடுத்தது ஹாட்ஃபீல்ட் மாளிகையில். கால் நூற்றாண்டுக்கு முன் 'ஒர்லாண்டோ'வுக்காகவும் சாண்டியின் உடைகள் அதே மாளிகையின் கூடங்களில்தான் நடந்தன.

சரி, வரலாற்றுத் துல்லியம் வேண்டாமா என்று கேட்கலாம். தெரிந்து மீறுவதற்கும் தெரியாமல் தப்பு செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இதே சாண்டிதான் 'தி யங் விக்டோரியா'வுக்காக லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பாதுகாத்து வைத்திருக்கும் விக்டோரியாவின் உண்மையான உடைகளை நேரில் பார்த்துப் படித்துவிட்டு வந்தவர். விக்டோரியா மிகவும் குள்ளமானவர். அந்தச் சின்ன உடையைக் கண்முன் பார்த்த பிறகுதான், இவ்வளவு சிறிய பெண்ணைச் சுற்றி இத்தனை பெரிய மனிதர்கள் நின்று ஆட்டி வைக்கப் பார்த்தார்கள் என்பது உறைக்கும்.

கேள்வி: ராஜா ராணி படம் எடுத்தால்தான் இந்தப் பிரிவில் ஆஸ்கார் கிடைக்குமா?

பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, அதை மேடையிலேயே சொன்னவர் சாண்டி பவல். நீங்கள் நினைவு வைத்திருக்கும் அந்த 2010 பேச்சின் அடுத்த பகுதிதான் முக்கியம். இறந்துபோன அரசர்களைப் பற்றியோ பளபளக்கும் இசைப்படங்களைப் பற்றியோ வேலை செய்யாத, சமகாலக் கதைகளுக்கும் சின்னப் படங்களுக்கும் உழைக்கும் வடிவமைப்பாளர்களுக்கு இந்த விருதைச் சமர்ப்பிக்கிறேன் என்றார். அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திமிர் பிடித்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. முழுப் பேச்சையும் கேட்டால், தன் தொழிலில் பெயர் வெளியே தெரியாதவர்களுக்காக ஒருவர் வாய் திறந்தார் என்பது புரியும்.

அவருடைய மூன்று ஆஸ்கார் (அடைப்பில் இருப்பது படம் வந்த ஆண்டு): 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' (1998), 'தி ஏவியேட்டர்' (2004), 'தி யங் விக்டோரியா' (2009). மொத்தம் 15 பரிந்துரைகள். மூன்று முறை ஒரே ஆண்டில் இரண்டு படங்களுக்குப் பரிந்துரை வந்து, அவரே அவருக்குப் போட்டியாக நின்றிருக்கிறார். 2019-இல் 'தி ஃபேவரிட்', 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்' இரண்டுக்கும் இருந்தார், ஆனால் விருது 'பிளாக் பேந்தர்' படத்துக்காக ரூத் கார்ட்டருக்குப் போனது, நியாயமாகவே போனது. அந்த மேரி பாப்பின்ஸ் படத்தில் நிஜ மனிதர்கள் கார்ட்டூன் உலகத்துக்குள் போகும் ஒரு பகுதி வரும். அங்கே உடையின் மடிப்பும் பட்டனும் ரிப்பனும் நிஜமானவை அல்ல, துணிமேல் கையால் வரைந்தவை. மனிதர்களும் வரைந்த படம் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக. பார்க்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை.

2023-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டா தன் மிக உயர்ந்த கௌரவமான ஃபெலோஷிப்பை அவருக்குக் கொடுத்தது. ஒரு ஆடை வடிவமைப்பாளருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

கேள்வி: மார்ட்டின் ஸ்கார்சேஸி படங்களில் ஆண்கள் எல்லாம் கோட் சூட்தான். அதில் வடிவமைக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்' (2002) தொடங்கி 'தி ஐரிஷ்மேன்' (2019) வரை ஏழு படங்கள் அவரோடு செய்திருக்கிறார் சாண்டி. முதல் படத்தில் டேனியல் டே லூயிஸ் போட்ட உயரத் தொப்பியையும் கட்டம் போட்ட கால்சட்டையையும் மறந்தவர் இருக்க மாட்டார்கள். ஆனால் கடினமானது நீங்கள் சொல்லும் அந்தச் சாதாரண கோட்தான். கழுத்துப்பட்டி அரை அங்குலம் அகன்றால் பத்து ஆண்டு மாறிவிடும். 'ஐரிஷ்மேன்' கதை பல பத்தாண்டுகளுக்கு நீளுகிறது. கிறிஸ்டோபர் பீட்டர்சனோடு சேர்ந்து சாண்டி செய்த அந்தப் படத்தில் ராபர்ட் டி நீரோ ஒருவருக்கு மட்டும் நூறுக்கும் மேற்பட்ட உடை மாற்றங்கள். லாரி ஓட்டும் இளைஞனாகத் தொடங்குகிறவர் முதியோர் இல்லத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவராக முடிகிறார். எந்தக் காட்சியிலும் உடை நம் கண்ணில் வந்து நிற்காது. ஆண்டு மாறியது மட்டும் மனத்துக்குத் தெரியும்.

கேள்வி: புதிதாகத் தைத்த உடை திரையில் மட்டும் பழையதாகத் தெரிவது எப்படி?

இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், இதை ஒரு தனிக் கலை என்றே சொல்வேன். பிரிட்டிஷ் படக்குழுக்களில் இதைப் 'பிரேக்டவுன்' என்பார்கள், உடையைச் சிதைப்பது. புதுக் கோட்டை நனைத்து, பையில் கனமான எதையாவது போட்டுத் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள், பத்து வருடம் கை நுழைத்து நுழைத்துத் தொய்ந்த பை மாதிரி ஆகிவிடும். முழங்கையையும் முட்டியையும் உப்புக்காகிதத்தால் தேய்ப்பார்கள். காலர் ஓரத்தையும் கைமடிப்பையும் இரும்புத் தூரிகையால் அல்லது பாலாடைக்கட்டி துருவும் பலகையால் இழை கிளம்பும்வரை உரசுவார்கள். வெள்ளைத் துணியின் பளிச்சென்ற தன்மை போகத் தேநீர் சாயம். கழுத்தோரம் பிசுக்குப் படிய மெழுகும் கிரீஸும். தூசிக்கு நம் ஊர்ப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மட்டி மாதிரியான களிமண் பொடி.

எங்கே தேய வேண்டும் என்று தெரிவதுதான் திறமை. எழுத்தர் என்றால் வலது முழங்கை தேய்ந்திருக்கும். மண்டியிட்டுத் தரை துடைப்பவள் என்றால் பாவாடையின் முன்பக்கம். உடம்பு முழுக்க ஒரே மாதிரி அழுக்கு அப்பியிருந்தால் அது வேடம் என்று உடனே தெரிந்துவிடும். மழை, சண்டை, ரத்தம் வரும் காட்சி என்றால் அதே உடை நாலைந்து பிரதிகள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பழசாக்க வேண்டும்.

கேள்வி: படம் முடிந்ததும் இந்த உடைகள் எல்லாம் எங்கே போகும்?

நிறைய உடைகள் வாடகைக் கடையிலிருந்து வருபவை, அங்கேயே திரும்பிப் போகும். லண்டனில் ஏஞ்சல்ஸ் என்று ஒரு நிறுவனம், 1840-இல் தொடங்கியது. பழைய துணி விற்ற கடை அது. நடிகர்கள் வந்து விலைக்கு வேண்டாம், வாடகைக்குக் கொடுங்கள் என்று கேட்கக் கேட்க அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது அங்கே பத்து லட்சத்துக்கும் மேல் உடைகள். காஸ்ப்ராப் என்று இன்னொன்று, ஜான் பிரைட் 1965-இல் தொடங்கியது. அவரும் ஜென்னி பீவனும் சேர்ந்து 'எ ரூம் வித் எ வியூ' படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் அலெக் கின்னஸ் போட்ட பழுப்பு மேலங்கி ஏஞ்சல்ஸ் கிடங்கில் மற்றத் துணிகளோடு துணியாகக் கிடந்தது. என்னவென்றே தெரியாமல் வாடகைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு கண்டுபிடித்து, 2007-இல் ஏலத்தில் 54,000 பவுண்டுக்குப் போனது.

கேள்வி: 'காந்தி' படத்து உடைகளுக்கு ஆஸ்கார் வாங்கியது இந்தியரா, பிரிட்டிஷ்காரரா?

இருவரும். 1983-இல் பானு அத்தையாவும் ஜான் மொல்லோவும் பகிர்ந்துகொண்டார்கள். இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கார் அது. மொல்லோ ராணுவச் சீருடை வரலாற்றில் நிபுணர், மேலே சொன்ன அந்தப் பழுப்பு மேலங்கியை வடிவமைத்தவரும் அவர்தான். பானு அத்தையா தன் சிலையைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்லி 2012-இல் அகாடமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: நான் ஃபேஷன் படித்தவள். பிரிட்டிஷ் சினிமாவில் ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்பது ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில், ஃபேஷன் வேறு, இது வேறு என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் தங்கையே. ஃபேஷனில் உடை அழகாக இருக்க வேண்டும். இங்கே சில நேரம் உடை அசிங்கமாக, பொருந்தாமல், தப்பான நிறத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாத்திரத்துக்கு ரசனை இல்லை. அதைச் செய்ய மனம் வராதவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

படிப்பு என்றால் லண்டனில் விம்பிள்டன் கலைக் கல்லூரி, லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன் ஆகியவற்றில் மேடை, திரை உடைகளுக்கென்றே படிப்புகள் உண்டு. சாண்டி படித்த சென்ட்ரலும் செயின்ட் மார்ட்டின்ஸும் 1989-இல் ஒன்றாகிவிட்டன. ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் யாரும் டிசைனர் ஆவதில்லை. பயிற்சியாளராகச் சேர்ந்து இஸ்திரி போடுவீர்கள், சாக்ஸ் துவைப்பீர்கள், விடியற்காலை நாலு மணிக்குக் கூட்டக் காட்சி நடிகர்கள் முன்னூறு பேருக்குத் தொப்பி மாட்டிவிடுவீர்கள். வாடகைக் கடையில் வேலை கிடைத்தால் விடவே விடாதீர்கள், அங்கே தையலைத் திருப்பிப் பார்த்தே நூற்றாண்டுகளைக் கற்றுக்கொள்ளலாம்.

ஊதியம் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆடைப் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். அதே அளவு பொறுப்புள்ள மற்றப் பிரிவுகளைவிடச் சம்பளம் குறைவு என்று திரைத்துறைத் தொழிலாளர்களின் சங்கமான பெக்டுவில் உள்ளவர்கள் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். எனவே போனதும் சங்கத்தில் சேருங்கள். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குமுன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அவர் உடம்பெல்லாம் கையெழுத்தாக ஒரு வெள்ளை கோட் போட்டிருக்கும் படம் பார்த்தேன். அது என்ன?

கடைசிக் கேள்வியாக இதை வைத்தது வேண்டுமென்றேதான்.

அது வெள்ளை கோட் அல்ல, காடாத் துணி. வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. ஆங்கிலத்தில் அதற்குக் காலிகோ என்று பெயர், நம் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிப் போனதால் வந்த பெயர். விலை உயர்ந்த பட்டிலோ கம்பளியிலோ கத்தரி வைப்பதற்குமுன் முதலில் காடாவில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பார்கள். நடிகர் உடம்பில் போட்டு, குண்டூசி குத்தி, பென்சிலால் கோடு போட்டு, பிரித்து, மறுபடி தைப்பார்கள். சரியாக வந்தபின் அதை ஓரமாகப் போட்டுவிட்டு நிஜத் துணிக்குப் போவார்கள். யாரும் வெளியே போட்டுக்கொண்டு போகாத உடை அது.

2020 பிப்ரவரியில் பாஃப்டாவுக்கும் ஆஸ்காருக்கும் சாண்டி பவல் அந்தக் காடாத் துணி சூட்டைப் போட்டுக்கொண்டு, கையில் பேனாவோடு போனார். பார்த்தவர்களிடம் எல்லாம் பேனாவை நீட்டினார். ஸ்கார்சேஸி, டி நீரோ, டிகாப்ரியோ என்று இருநூறு பேர் வரை கையெழுத்துப் போட்டார்கள், தோளில், முதுகில், கால்சட்டையில். அவரைச் சினிமாவுக்கு அழைத்து வந்த டெரெக் ஜார்மன் 1994-இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்துபோனார். கென்ட் கடற்கரையில் டன்ஜனெஸ் என்ற இடத்தில், அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கூழாங்கல் பரப்பின்மேல் அவர் வாழ்ந்த மரவீடும் தோட்டமும் விற்பனைக்கு வரும் நிலைமை. அதைக் காப்பாற்ற ஆர்ட் ஃபண்ட் என்ற அறக்கட்டளை 35 லட்சம் பவுண்டு திரட்டிக்கொண்டிருந்தது. அந்த நிதிக்காகத்தான் இத்தனையும். சூட் ஏலத்தில் 16,000 பவுண்டுக்குப் போனது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கொடுத்து, மார்ச் கடைசிக்குள் தொகை முழுவதும் சேர்ந்துவிட்டது.

'கராவாஜியோ' வந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்புத் தார் பூசிய சுவர்களும் மஞ்சள் ஜன்னல் சட்டங்களுமாக அந்த வீடு இன்றும் நிற்கிறது.